மரப் பிசினைக் கெடாமல் உலர்த்தும் முறைகள்

பள்ளிக்கூடத்து மேஜைமீது இருக்கும் கோந்துப் புட்டியின் வாயில் காய்ந்து படிந்த பிசினை யாவரும் கண்டிருப்பர். அதன் மேற்பரப்பு கண்ணாடிபோல் இறுகியிருக்கும். விரலால் அழுத்தினால் ஏடு உடைந்து, உள்ளிருந்து ஈரமான கோந்து பிதுங்கும். முதலில் காய்ந்த மேலேடு உள்ளிருக்கும் நீரை வெளியேறவிடாமல் மூடிவிடுவதே இதற்குக் காரணம். பிசின் தொழிற்சாலைகள் எதிர்கொள்ளும் பெரிய பிரச்சினை ஒன்று இச்சிறு புட்டியின் வாயிலேயே அடங்கியிருக்கிறது எனலாம். பிசினிலிருந்து நீரை நீக்க வேண்டும். நீரை நீக்கச் சூடு வேண்டும். அந்தச் சூடோ பிசினின் குணத்தைக் கெடுக்க வல்லது.

இச்சேதம் கண்ணுக்கு எளிதில் புலப்படுவதன்று என்பது மற்றொரு தொல்லை. நன்றாக உலர்ந்த பிசினும், உலர்த்துகையில் கெட்டுப்போன பிசினும் பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றக்கூடும். நீரில் இட்டுச் சோதித்த பின்னரே வேற்றுமை வெளிப்படும். அதற்குள் காட்டில் அலைந்து சேகரித்தவரின் ஒரு பருவத்து உழைப்பு தரம் குறைந்த சரக்காகிவிடும். ஆகவே, உலர்த்துதலின் தத்துவத்தை ஆலைப் பொறியாளர் மட்டுமன்றி, கொள்முதல் நிலையங்களில் பணியாற்றும் ஊழியரும், மாணவர்க்கு விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியரும் அறிந்திருத்தல் நலம்.

பிசின் என்பது யாது?

தமிழில் மரத்திலிருந்து கசியும் பொருள் பலவற்றையும் பிசின் என்றே வழங்குகின்றனர். வாணிபத்திலும் இரசாயனத்திலும் இவற்றை இருவகையாகப் பிரிப்பர். குங்கிலியம், சாம்பிராணி முதலியவற்றில் நீரில் கரையாது சாராயத்தில் கரையும் பொருள்கள் மிகுந்திருக்கும். கருவேலம் பிசின் போன்றவை நீரில் கரையும் அல்லது நீரை உறிஞ்சி உப்பும், சாராயத்தில் கரையமாட்டா. இக்கட்டுரையில் கூறப்படுவது இவ்விரண்டாம் வகையைப் பற்றியதே.

இவ்வகைப் பிசின்கள் யாவும் சர்க்கரை இனத்தைச் சேர்ந்தவை. கேலக்டோஸ், அராபினோஸ், ராம்னோஸ், மேனோஸ் போன்ற சிறு சர்க்கரைக் கூறுகள் ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று கோக்கப்பட்டு, கிளைகள் கொண்டும் கொள்ளாமலும் நீண்ட சங்கிலிகளாக அமைந்துள்ளன. இச்சங்கிலிகள் நீரைப் பற்றிக்கொள்வதால்தான் திரவம் தடிக்கிறது. ஒட்டும் தன்மை உண்டாகிறது. எண்ணெய்த் துளிகள் நீரில் பிரியாமல் மிதந்து நிற்கின்றன. திரவம் எளிதில் ஓடாமல் தடித்து நிற்கும் இயல்பைப் பாகுத்தன்மை என்பர். பல பிசின்களுக்கு விலையை நிர்ணயிப்பது இப்பாகுத்தன்மையே.

உலக வாணிபத்தில் முதலிடம் பெற்ற அரபுப் பிசின், அக்கேஷியா செனகல் என்னும் மரத்திலிருந்து, சிறப்பாகச் சூடான் நாட்டின் கொர்டோபான் பகுதியில், கிடைக்கிறது. இதே மரம் ராஜஸ்தானத்தின் வறண்ட நிலங்களிலும் வளர்கிறது. கரையா பிசின் ஸ்டெர்கூலியா யூரென்ஸ் என்னும் மரத்தின் கொடை. ஆந்திரப் பிரதேசம், தெலங்கானா, ஒடிசா, சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம் ஆகிய மாநிலங்களின் காடுகளில் இது சேகரிக்கப்படுகிறது. வெக்காலி மரத்திலிருந்து கட்டிப் பிசின் கிடைக்கிறது. தமிழ்நாட்டார் கறிக்கு ஆய்ந்துகொள்ளும் கொத்தவரையின் முற்றிய விதையிலிருந்து பெறப்படும் குவார் பிசினில், உலக உற்பத்தியின் மிகப் பெரும்பகுதி இந்தியாவினுடையது.

மூவகைச் சேதம்

எல்லாப் பிசின்களும் ஒரே விதமாகக் கெடுவதில்லை. ஒவ்வொன்றின் மதிப்பும் அதன் அமைப்பின் வெவ்வேறு பகுதியில் தங்கியிருப்பதால், அதற்கு நேரும் சேதமும் வெவ்வேறு வகையினதாகிறது.

முதலாவது, சங்கிலி அறுதல். ஈரமும் சூடும் அமிலமும் ஒருங்கு சேர்ந்தால் சர்க்கரைக் கூறுகளை இணைக்கும் கட்டு ஆங்காங்கே அறுபடும். நீண்ட சங்கிலி துண்டு துண்டானால் பாகுத்தன்மை வீழ்ச்சியடையும். கொத்தவரைப் பிசினுக்கு இதுவே பெருங்கேடு.

இரண்டாவது, கிளைக்கூறு கழலுதல். கரையா பிசினின் எடையில் ஏறத்தாழ 8 சதவீதம் அசெடைல் என்னும் கூறாக அமைந்துள்ளது. சூடும் ஈரமும் படுகையில் இது சிறிது சிறிதாகக் கழன்று அசெடிக் அமிலமாக வெளிப்படும். பழைய கரையா பிசின் மூட்டையைத் திறந்தவுடன் காடியின் புளித்த மணம் வீசுவது இதனால்தான். அம்மணம் மிகமிக, பிசின் நீரை உறிஞ்சி உப்பும் ஆற்றல் குறைந்திருக்கும் எனக் கொள்ளலாம்.

மூன்றாவது, புரதம் கெடுதல். அரபுப் பிசினில் புரதம் ஏறத்தாழ 2 சதவீதமே உண்டு. ஆயினும், எண்ணெயையும் நீரையும் பிரியாமல் சேர்த்துவைக்கும் திறன் பெரும்பாலும் இச்சிறு பகுதியையே சார்ந்தது. புரதம் எண்ணெய்த் துளியைப் பற்றிக்கொள்ள, அதனோடு பிணைந்த சர்க்கரைச் சங்கிலிகள் வெளியே நீரில் விரிந்து நிற்கின்றன. முட்டையின் வெண்கரு சூட்டில் இறுகுவதுபோல், நெடுநேரம் காய்ச்சிய அரபுப் பிசினில் இப்புரதம் திரிந்து படிந்துவிடும். பின்னர் அப்பிசின் காகிதம் ஒட்ட உதவலாம். குளிர்பானங்களில் நறுமண எண்ணெயைத் தாங்கி நிற்க உதவாது.

காற்றின் சூடும் பிசினின் சூடும்

இச்சேதங்களைத் தவிர்க்கச் சூட்டையே தவிர்க்க வேண்டும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் தொழிற்சாலைகளில் 180 டிகிரி சென்டிகிரேட் சூடுள்ள காற்றைச் செலுத்தியும் பிசினைப் பழுதின்றி உலர்த்துகின்றனர். இதனை விளக்கும் தத்துவம் எளியது. மண்பானையில் நீர் குளிர்ந்திருப்பதற்கும் அதுவே காரணம்.

நீர் ஆவியாவதற்கு வெப்பம் தேவை. ஒரு கிராம் நீரை 100 டிகிரியில் ஆவியாக்க ஏறத்தாழ 540 கலோரி செலவாகிறது. சூடான காற்று ஈரமான பொருளின்மீது வீசும்போது, அது கொணரும் வெப்பம் பொருளைச் சூடேற்றுவதில் செல்லாமல், மேற்பரப்பிலுள்ள நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடுகிறது. ஆதலின், காற்று 180 டிகிரியில் இருந்தாலும், நனைந்த பொருள் 50 டிகிரியை ஒட்டியே நிற்கும். மேற்பரப்பில் நீர் உள்ளவரை அந்நீரே பிசினுக்குக் காவல்.

இக்காவல் நீங்கும் தருணமே அபாயமானது. உள்ளிருந்து நீர் மேற்பரப்புக்கு வந்துசேரும் வேகம் குறைந்ததும், ஆவியாகும் வேகமும் குறைகிறது. வெப்பம் செலவாக வழியின்றிப் பொருளின் சூடு காற்றின் சூட்டை நோக்கி ஏறத் தொடங்குகிறது. தடித்த கட்டியாயின் நிலை மேலும் மோசம். வெளியேடு காய்ந்து சுடும். உள்ளே ஈரமும் வெப்பமும் அடைபட்டுக் கிடக்கும். சங்கிலி அறுவதற்கும் கிளைக்கூறு கழலுவதற்கும் இதனினும் ஏற்ற சூழ்நிலை வேறில்லை.

எனவே, பிசினை உலர்த்துவதில் கேட்கவேண்டிய கேள்வி, காற்று எவ்வளவு சூடாக இருந்தது என்பதன்று. பிசின் எவ்வளவு சூடாயிற்று, அச்சூட்டில் எவ்வளவு நேரம் நின்றது என்னும் இரண்டுமே கேள்விகள். பின்வரும் முறைகள் யாவும் இவ்விரு கேள்விகளுக்கும் வெவ்வேறு வழியில் விடை காண முயல்கின்றன.

காட்டில் நிகழும் முதல் உலர்த்தல்

மரத்திலிருந்து வடியும் பிசினை முதலில் உலர்த்துவது ஆலையன்று; வெயிலும் காற்றும்தான். சூடானில் மழைக்காலம் நீங்கியபின் பட்டையைக் கீறிவிட்டுச் சில வாரங்கள் காத்திருப்பர். வறண்ட காற்றில் பிசின் மரத்திலேயே கண்ணீர்த்துளி வடிவில் இறுகிவிடும். அங்கு இயற்கையே உலர்த்தும் கருவியாக அமைகிறது.

கரையா பிசின் அவ்வாறன்று. அது பெரிய, ஒழுங்கற்ற, ஈரமான கட்டிகளாக வடிகிறது. மழைக்கு முந்திய ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் எடுக்கப்படும் பிசினே மிக உயர்ந்தது. எடுத்த கட்டியை அப்படியே பாறைமீது பரப்பினால், வெயிலில் காய்ந்த பாறை காற்றைவிட மிகுதியாகச் சூடேறி அடிப்புறத்தைச் சுடுகிறது. மேற்புறம் ஏடு கட்டுகிறது. நடுவில் ஈரம் தங்குகிறது. மண்ணும் பட்டைத் துணுக்கும் வேறு ஒட்டிக்கொள்கின்றன. உலர்ந்த பின் இவற்றை அகற்றுவது கடினம். மிக உயர்ந்த தரத்துக் கரையாவில் பட்டை முதலிய அயற்பொருள் அரைச் சதவீதத்தை மிஞ்சலாகாது என்பது வாணிப வழக்கு.

இதற்குத் தீர்வு ஒரு கணக்கில் இருக்கிறது. கட்டியின் உள்ளிருந்து நீர் ஊடுருவி வெளிவருவதற்கு ஆகும் காலம், கனத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. கனத்தைப் பாதியாக்கினால் காலம் நான்கில் ஒன்றாகும். மூன்றில் ஒன்றாக்கினால் ஒன்பதில் ஒன்றாகும். ஆகவே, பிசின் மென்மையாக இருக்கும்போதே சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒட்டியுள்ள பட்டையை நீக்கி, தரைக்கு மேலே கட்டப்பட்ட தூய துணி அல்லது வலைத்தட்டின்மீது ஒற்றை அடுக்காகப் பரப்ப வேண்டும். அடியிலும் மேலும் காற்றோட்டம் இருத்தல் அவசியம். உச்சி வெயிலைவிட, காற்று வீசும் நிழலே கரையாவுக்கு உகந்தது. இதற்கு இயந்திரம் எதுவும் தேவையில்லை. ஒரு கத்தி, ஒரு துணி, நான்கு கழிகள் போதும்.

1956-இல் விசாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்டு நிறுவப்பட்ட கிரிஜன் கூட்டுறவுக் கழகம், மலைவாழ் மக்களிடமிருந்து கரையா உள்ளிட்ட வனப்பொருள்களைக் கொள்முதல் செய்யும் அமைப்பாகும். இத்தகைய கொள்முதல் நிலையத்துக்கு வருமுன்னரே சரக்கின் தரம் பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. காட்டில் கழன்றுபோன அசெடைலை எந்த ஆலையும் திருப்பித் தர இயலாது.

உருளை உலர்த்தி

ஆலை முறைகளுள் பழமையானவற்றில் ஒன்று உருளை முறை. இரும்பாலான பெரிய உருளையின் உள்ளே நீராவி செலுத்தப்படுகிறது. வெளிப்பரப்பு 120 முதல் 150 டிகிரி வரை சூடாகிறது. மெதுவாகச் சுழலும் உருளையின்மீது பிசின் கரைசல் மெல்லிய ஏடாகப் படிகிறது. உருளை ஒரு சுற்றை முடிப்பதற்குள் நீர் ஆவியாகிவிட, மறுபுறத்தில் பொருத்தப்பட்ட கத்தி காய்ந்த ஏட்டைச் சுரண்டி எடுக்கிறது. தோசைக்கல்லில் மெல்லிய தோசை வார்த்துத் திருப்பியால் எடுப்பதை இதற்கு ஒப்பிடலாம்.

இம்முறையில் எரிபொருள் வீணாவது குறைவு; கருவியின் விலையும் அதிகமன்று; காலமும் சில விநாடிகளே. ஆனால் தோசையின் அடிப்புறம் கல்லின் சூட்டை நேரே பெறுவதுபோல், பிசினின் அடிப்புறமும் உலோகத்தின் சூட்டை நேரே பெறுகிறது. நீர் நீங்கிய கடைசி விநாடிகளில் ஏடு உருளையின் வெப்பநிலையை ஏறத்தாழ எட்டிவிடும். கத்தி மழுங்கி ஏடு சரிவர எழாவிட்டால், அது இரண்டாம் சுற்றும் சென்று பழுப்பேறும். அரபுப் பிசினை இவ்வாறு உலர்த்தினால் ஒட்டும் குணம் பெரிதும் நிலைத்திருக்கும். எண்ணெயைத் தாங்கும் திறனோ குறையும். எனவே, உணவுத் தொழிலுக்கு உரிய உயர்தரப் பிசினுக்குத் தூவல் முறையே விரும்பப்படுகிறது.

தூவல் உலர்த்தி

இம்முறையில், முதலில் பிசினை நீரில் கரைத்து, மணலும் பட்டையும் நீங்க வடிகட்டுகின்றனர். கிருமிகளை அழிப்பதற்காகக் கரைசலைச் சிறிது நேரம் மட்டும் சூடாக்கி உடனே குளிரவைக்கின்றனர். பின்னர் உயரமான கோபுரம் போன்ற அறையின் உச்சியில், அதிவேகமாகச் சுழலும் தட்டின் வழியாகவோ நுண்துளைக் குழாய் வழியாகவோ அது பனித்துளிபோல் தூவப்படுகிறது. அதே உச்சியிலிருந்து சூடான காற்றும் செலுத்தப்படுகிறது.

துளி சிறிதாக இருப்பதில்தான் இதன் சிறப்பு அடங்கியுள்ளது. ஒரு லிட்டர் கரைசலை 0.05 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளிகளாகப் பிரித்தால், அவற்றின் மொத்த மேற்பரப்பு 120 சதுர மீட்டர் ஆகும். 8 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் உள்ள வகுப்பறைகள் இரண்டரையின் தரைப்பரப்புக்கு இது சமம். இவ்வளவு பரந்த பரப்பிலிருந்து நீர் கணநேரத்தில் ஆவியாகிறது. காற்றின் உச்சச் சூட்டைத் துளி எதிர்கொள்ளும் வேளையில் அது முழுதும் நனைந்திருக்கிறது; நீரின் காவல் உண்டு. துளி உலர்ந்து தூளாகும் வேளையில், காற்று தன் வெப்பத்தையெல்லாம் இழந்து 80 முதல் 95 டிகிரி அளவில் வெளியேறிக்கொண்டிருக்கிறது. காற்றும் துளியும் ஒரே திசையில் இறங்குமாறு அமைக்கப்படுவதன் நுட்பம் இதுவே. எதிர்த்திசையில் செலுத்தினால், உலர்ந்த தூள் மிகச் சூடான காற்றைச் சந்திக்க நேரும்.

ஆகவே, இக்கருவியை இயக்குவோர் உள்ளே செல்லும் காற்றைவிட வெளியே வரும் காற்றின் வெப்பநிலையையே கூர்ந்து கவனிப்பர். அது ஏறினால் கரைசலைச் சற்று மிகுதியாகச் செலுத்துவர், இறங்கினால் குறைப்பர். அறையின் சுவரில் ஒட்டிக்கொண்ட தூள் மணிக்கணக்கில் சூட்டில் கிடந்து கெடும் ஆதலால், அதனை அவ்வப்போது அகற்றுவதும் அவசியம்.

இம்முறைக்கும் ஓர் எல்லை உண்டு. அரபுப் பிசினை நீரில் 35 சதவீதத்துக்கு மேலும் கரைக்கலாம். அப்போதும் அது ஓடும். 35 சதவீதக் கரைசலில் ஒரு கிலோகிராம் பிசினுக்கு நீக்கவேண்டிய நீர் இரண்டு கிலோகிராமுக்கும் குறைவே. கரையாவோ 2 சதவீதத்திலேயே கூழாகிவிடும். அக்கூழிலிருந்து ஒரு கிலோகிராம் பிசினைப் பெற 49 கிலோகிராம் நீரை ஆவியாக்க வேண்டும். அதற்காகும் எரிபொருள் செலவை எவ்வாணிபமும் தாங்காது. கூழ் நுண்துளையில் செல்வதும் அரிது. ஆகையால், கரையாவைக் கரைக்காமலேயே உடைத்து, சலித்து, காற்றில் தூற்றி, அரைத்துத் தூளாக்குகின்றனர். அதனை நன்கு உலர்த்தும் பொறுப்பு மீண்டும் காட்டையும் கிடங்கையுமே சாருகிறது.

தூவி உலர்த்திய தூள் மிக நுண்ணியதாகையால் நீரில் இட்டவுடன் மிதந்து கட்டிபடும். இதனைத் தவிர்க்க, தூளை மறுபடியும் இலேசாக ஈரமாக்கி, துகள்கள் சில ஒன்றோடொன்று ஒட்டிக் குருணையாகுமாறு செய்து, மிதமான காற்றில் மிதக்கவிட்டு உலர்த்துவதும் உண்டு.

அரைக்கும்போதே உலர்த்தல்

கொத்தவரை விதையில் முளையைச் சூழ்ந்துள்ள சத்துப்பகுதியே பிசினாகும். உமியையும் முளையையும் நீக்கிப் பெறப்படும் பருப்பைக் காய்ந்த நிலையில் அரைத்தால், உராய்வின் சூட்டாலும் இடியாலும் சங்கிலிகள் அறும். எனவே, பருப்பை முதலில் நீரில் ஊறவைத்து மென்மையாக்கி, உருளைகளுக்கிடையே நசுக்கி அவலாக்குகின்றனர். பின்னர் அந்த ஈர அவலைச் சூடான காற்றோட்டமுள்ள ஆலையில் அரைக்கின்றனர். அரைபடுந்தோறும் புதிய ஈரப்பரப்பு காற்றுக்கு வெளிப்படுகிறது. நீர் ஆவியாகி அரைவையின் சூட்டையும் சேர்த்து உறிஞ்சிக்கொள்கிறது. உலர்ந்த நுண்தூளைக் காற்றே தூக்கிச் சென்றுவிட, உலராத கனத்த துகள் மட்டும் மேலும் அரைபடத் தங்குகிறது. எது உலர்ந்ததோ அது உடனே சூட்டை விட்டு நீங்குகிறது என்பது இவ்வேற்பாட்டின் நன்மை.

சூட்டைக் குறைத்து நீரை நீக்கும் வழிகள்

காற்றழுத்தத்தைக் குறைத்தால் நீர் கொதிக்கும் வெப்பநிலையும் குறையும். பாதரச அளவில் 92 மில்லிமீட்டர் அழுத்தத்தில் நீர் 50 டிகிரியிலும், 55 மில்லிமீட்டரில் 40 டிகிரியிலும் கொதிக்கிறது. காற்று நீக்கிய பெட்டிகளில் தட்டுகளை அடுக்கி உலர்த்தும் முறை இதனைப் பயன்படுத்துகிறது. பிசினின் சூடு குறைவாயினும் காலம் மிகுதி என்பது இதன் குறை. உறையவைத்து, 4.6 மில்லிமீட்டருக்குக் குறைந்த அழுத்தத்தில் பனிக்கட்டியை நேரே ஆவியாக்கும் முறை எல்லாவற்றினும் மென்மையானது. செலவோ மிக அதிகம். ஆராய்ச்சிச்சாலை மாதிரிகளுக்கும் விலையுயர்ந்த மருந்துகளுக்குமே அது பொருந்தும்.

பிசின் சாராயத்தில் கரையாது என்னும் இயல்பே மற்றொரு வழியைத் திறக்கிறது. பிசின் கரைசலில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை ஊற்றினால் பிசின் நார்போல் திரண்டு பிரியும். அதனைப் பிழிந்தால் நீரின் பெரும்பகுதி ஆல்கஹாலோடு சென்றுவிடும். எஞ்சிய சிறு ஈரத்தை மட்டும் மிதமான சூட்டில் போக்கினால் போதும். கேரோப் விதைப் பிசினைத் தூய்மை செய்ய இம்முறை பயன்படுகிறது. ஆல்கஹாலை மீட்டு மறுபடியும் பயன்படுத்தும் வசதியும், தீ விபத்துக்கு எதிரான பாதுகாப்பும் இல்லாத இடத்தில் இதனை மேற்கொள்ளலாகாது.

கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் அகர் கூழை உறையவைத்து மீண்டும் உருகவிடுவதும் இத்தகைய உத்தியே. உறைந்து உருகும் நீர் அழுக்கையும் உப்பையும் கரைத்துக்கொண்டு வடிந்துவிடுகிறது. ஜப்பானியர் குளிர்கால இரவுகளையே இதற்குப் பயன்படுத்தினர். இராமநாதபுரம் கடற்கரையில் கிடைக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் அகர் தரும் இனமே.

எவ்வளவு உலர்த்த வேண்டும்?

பிசினிலிருந்து நீரை முற்றிலும் நீக்குவது நோக்கமன்று. உலக உணவு வேளாண்மை நிறுவனமும் உலகச் சுகாதார நிறுவனமும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழுவின் வரையறைப்படி, 105 டிகிரியில் உலர்த்தினால் ஏற்படும் எடையிழப்பு, குருணையான அரபுப் பிசினில் 15 சதவீதத்தையும், தூவி உலர்த்தியதில் 10 சதவீதத்தையும், கரையாவில் 20 சதவீதத்தையும் மிஞ்சலாகாது. இதனினும் ஈரம் மிகுந்தால் பூஞ்சணம் பிடிக்கும். துண்டுகள் ஒட்டிப் பாளமாகும். மிகவும் குறைந்தால் எரிபொருளும் குணமும் ஒருங்கே வீணாகும். அப்பிசின் காற்றிலிருந்து ஈரத்தை மீண்டும் ஈர்த்துக்கொள்ளவும் செய்யும். கரையாவில் ஆவியாகும் அமிலம் 10 சதவீதத்துக்குக் குறையலாகாது என்றும் அதே குழு விதித்துள்ளது. அசெடைல் கூறு எவ்வளவு காப்பாற்றப்பட்டிருக்கிறது என்பதை அளக்கும் வழி அது.

ஈரத்தை அளப்பது எளிது. பொடித்த பிசின் 5 கிராம் எடுத்து, 105 டிகிரி அடுப்பில் 5 மணி நேரம் வைத்து, குளிர்ந்தபின் நிறுக்க வேண்டும். எடை 4.20 கிராம் ஆயின் இழப்பு 0.80 கிராம், அதாவது 16 சதவீதம். கரையாவில் இவ்விழப்பின் ஒரு சிறு பங்கு ஆவியான அமிலமாகவும் இருக்கலாம். சோதித்த மாதிரி கெட்டுவிடுமாதலால் அதனைச் சரக்கோடு சேர்க்கலாகாது.

கொள்முதல் நிலைய ஊழியர் கவனிக்கவேண்டிய கணக்கு ஒன்று உண்டு. 24 சதவீத ஈரமுள்ள 100 கிலோகிராம் பிசினில் உண்மையான பிசின் 76 கிலோகிராம். அதனை 16 சதவீத ஈரம் வரை உலர்த்தினால் மொத்த எடை ஏறத்தாழ 90.5 கிலோகிராமாகக் குறையும். இரண்டுக்கும் ஒரே விலை கொடுத்தால், துணி விரித்து, புரட்டிப்போட்டு, காவல் காத்து உலர்த்தியவர் 9.5 கிலோகிராமின் விலையை இழக்கிறார். ஈரத்தோடு கொணர்ந்தவர் இலாபம் அடைகிறார். இருவரும் சமநிலை எய்த வேண்டுமாயின், உலர்ந்த சரக்குக்குக் கிலோகிராம் ஒன்றுக்குப் பத்தரைச் சதவீதம் கூடுதல் விலை தரவேண்டும். அவருடைய உழைப்புக்கு உரிய கூலி அதற்கும் மேலானது. ஈரத்துக்கு ஏற்ப விலை நிர்ணயம் செய்யாத இடத்தில், நன்றாக உலர்த்துமாறு கூறும் அறிவுரை பயன் தராது. தராசுக்கு அருகில் ஈரம் அளக்கும் வசதியும் இருத்தல் வேண்டும்.

உலர்ந்த பின்னும் பொறுப்பு தீர்வதில்லை. கரையாவைத் தூளாக்கினால், முழுத் துண்டுகளாக வைத்திருப்பதைவிட வேகமாக அதன் பாகுத்தன்மை குறைகிறது; அரைத்த முதற்சில வாரங்களில் இக்குறைவு மிகுதி. ஆதலின், தேவை நெருங்கும் வரை துண்டுகளாகவே குளிர்ந்த, வறண்ட கிடங்கில் வைத்திருந்து பின்னர் அரைப்பதே முறை. தகரக் கூரையின் கீழ் கோடைகாலம் முழுதும் கிடக்கும் தூள் மூட்டை, எவ்வளவு நன்றாக உலர்த்தப்பட்டிருந்தாலும், காடி மணம் வீசத் தொடங்கும்.

வகுப்பறையில் செய்துபார்க்கத்தக்க சோதனைகள்

நீரின் காவலை மாணவர் நேரில் காண இரண்டு வெப்பமானிகள் போதும். ஒன்றன் குமிழில் நனைந்த மெல்லிய துணியைச் சுற்றுக. மற்றதை வெறுமனே விடுக. முடி உலர்த்தும் மின்கருவியிலிருந்து ஒரு முழ தூரத்தில் இரண்டையும் ஒரே வரிசையில் நிறுத்தி, இதமான சூட்டில் காற்று வீசச் செய்து, நிமிஷத்துக்கு ஒருமுறை அளவைக் குறித்து வருக. வெறும் வெப்பமானி விரைவில் ஏறி நின்றுவிடும். துணி சுற்றியது வெகு தாழ்வாகவே நிற்கும். துணி காயக் காய அதுவும் ஏறத் தொடங்கி மற்றதை எட்டிப்பிடிக்கும். இவ்வளவுகளைக் கட்டத்தாளில் வரைந்தால், கோடு மேல்நோக்கி வளையும் இடமே பிசினைச் சூட்டிலிருந்து எடுக்கவேண்டிய தருணம் என்பதை மாணவர் உணர்வர். வெப்பமானியின் உச்ச அளவை மிஞ்சாதபடி தூரத்தை முன்னதாகவே சரிசெய்துகொள்ள வேண்டும்.

கனத்தின் விளைவைக் காண, கெட்டியான கோந்துக் கரைசலை ஒரே அளவுள்ள இரு தட்டுகளில் 10 கிராமும் 40 கிராமுமாக ஊற்றி, காற்றோட்டமுள்ள நிழலில் வைத்து நாள்தோறும் நிறுத்து வருக. நான்கு மடங்கு கனமுள்ள ஏடு நான்கு மடங்கு காலத்தில் உலர்ந்துவிடாது. அதனினும் வெகுவாகப் பிந்தும். அதன் மேற்பரப்பில் உண்டாகும் ஏட்டை ஊசியால் குத்திப் பார்த்தால் உள்ளீரம் தெரியும்.

1924-இல் ராஞ்சியை அடுத்த நாம்குமில் அரக்கு ஆராய்ச்சிக்காகத் தொடங்கப்பட்ட நிலையம், 2007-இல் இயற்கைப் பிசின்கள் அனைத்தையும் தன் பணிக்குள் கொணர்ந்தது. 2022-இல் தேசிய இரண்டாம்நிலை வேளாண்மை நிலையம் எனப் பெயர் பெற்றது. பிசின்களை எடுக்கும் முறை, பதப்படுத்தும் முறை ஆகியவை ஆராய்ச்சிக்குரிய துறைகளாக வளர்ந்துள்ளன என்பதற்கு இஃது ஒரு சான்று. ஆயினும், ஆராய்ச்சிச்சாலையில் கண்டறியப்படுவது காட்டில் துணி விரிப்பவரின் கைக்கு எட்டினாலன்றி முழுப்பயன் விளையாது. ஈரமாக இருக்கும்போதே சிறிதாக நறுக்குக, மெல்லிதாகப் பரப்புக, உலர்ந்ததும் வெயிலினின்றும் எடுத்துவிடுக. கோபுரம்போல் எழுந்து நிற்கும் தூவல் உலர்த்தி செய்வதும் இம்மூன்றையே.